வளிமண்டல எரிமலைத் துகள்களின் வேதிப் பகுப்பாய்வு

வளிமண்டல எரிமலைத் துகள் பகுப்பாய்வு என்பது, எரிமலை வெடிப்பின்போது வானில் ஏறிய சாம்பலையும் அமிலத் துளிகளையும் விமானம், பலூன் ஆகியவற்றின் உதவியால் சேகரித்து, அவை எப்பொருள்களால் ஆனவை, எங்கிருந்து வந்தவை என்று ஆய்வகத்தில் கண்டறியும் முறையாகும். புவியின் வெப்பநிலை, ஓசோன் படலம், விமானப் போக்குவரத்தின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பற்றிய அறிவுக்கு இத்துறை பங்களிக்கிறது.

இந்தியாவில் உறுதி செய்யப்பட்ட ஒரே உயிர்ப்புள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஆகும். நெடுங்காலம் அமைதியாக இருந்த அது 1991-இல் மீண்டும் வெடித்தது. ஆயினும், தொலைதூர எரிமலைகளின் துகள்கள் தமிழ்நாட்டு வானத்துக்கு வந்ததற்குச் சான்றுகள் உள்ளன. அத்துகள்களை ஆராய்ந்த பன்னாட்டுத் திட்டங்களுள் ஒன்றில் சென்னை வரும் பயணிகள் விமானம் பங்கு பெற்றது. ஐதராபாத்திலிருந்து ஏவப்பட்ட ஆய்வுப் பலூன்களும் இத்துறையில் குறிப்பிடத்தக்க முடிவுகளைத் தந்துள்ளன.

சென்னையில் தெரிந்த பச்சைச் சூரியன்

1883 ஆகஸ்டு 26, 27 ஆகிய நாள்களில் சுமத்ரா, சாவா தீவுகளுக்கு இடையிலுள்ள கிராக்கட்டோவா எரிமலை வெடித்தது. அதன் துகள்கள் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி நகர்ந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உலகைச் சுற்றி வந்தன. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருந்தோர், காலையிலும் மாலையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிவதைக் கண்டனர். சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த நார்மன் போக்சன் இதைக் கவனித்தார். பிற்காலத்தில் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரான சார்லசு மிச்சி சுமித், பச்சைச் சூரியனின் ஒளியை நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்தார்.

துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவினவாகவும், ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவினவாகவும் இருந்தால், அவை நீல ஒளியைவிடச் சிவப்பு ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். அப்போது நம் கண்ணுக்கு எட்டும் ஒளியில் சிவப்பு குறைந்து, பச்சையும் நீலமும் மேலோங்கும். இவ்விளக்கம் இன்று தெளிவாக உள்ளது. ஆனால் 1883-இல் அத்துகள்கள் சாம்பலா, நீராவியா, வேறு பொருளா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. இங்கிலாந்தின் அரச கழகம் 1888-இல் கிராக்கட்டோவா பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அதற்கு ஆதாரமாக அமைந்தவை பெரும்பாலும் கண்ணால் கண்ட பதிவுகளே. அந்த உயரத்துக்குச் சென்று ஒரு துகளையேனும் பிடித்து வரும் கருவி அக்காலத்தில் இருக்கவில்லை.

மேலே செல்பவை எவை

எரிமலையிலிருந்து இருவகைப் பொருள்கள் மேலே செல்கின்றன. முதலாவது சாம்பல். விறகுச் சாம்பல் எரிந்து மிஞ்சிய பொருள். எரிமலைச் சாம்பலோ அவ்வாறு எரிந்த எச்சம் அன்று. உருகிய பாறைக் குழம்பு, அதனுள் அடைபட்ட வளிமங்கள் விரிவதால் நொறுங்கித் தெறித்து, நொடிப்பொழுதில் குளிர்ந்து கண்ணாடித் துணுக்குகளாக மாறுகிறது. இவற்றோடு கனிமத் துணுக்குகளும் பாறைத் துணுக்குகளும் கலந்திருக்கும். பெரிய துகள்கள் சில மணி நேரத்திலும், நுண்ணியவை நாள்களிலும் வாரங்களிலும் கீழே இறங்கிவிடுகின்றன.

இரண்டாவது வளிமங்கள். நீராவி, கார்பன் டைஆக்சைடு, கந்தக டைஆக்சைடு, ஐதரசன் குளோரைடு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. கந்தக டைஆக்சைடு வானில் ஐதராக்சில் மூலக்கூறு உறுப்புடன் வினைபுரிந்து, படிப்படியாகக் கந்தக டிரைஆக்சைடாகவும், பின்னர் நீருடன் சேர்ந்து கந்தக அமிலமாகவும் மாறுகிறது. இம்மாற்றம் பொதுவாக வாரக்கணக்கில் நிகழ்கிறது. இவ்வாறு உருவாகும் துளிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு கந்தக அமிலமும் கால் பங்கு நீரும் இருக்கும். துளியின் அளவு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் அது மிக மெதுவாகவே கீழிறங்கும்.

எவ்வளவு உயரத்துக்குச் சென்றது என்பதே இங்கு முக்கியம். மேகமும் மழையும் உள்ள அடிவளிமண்டலம் தமிழ்நாட்டின் மேல் ஏறத்தாழ 16 முதல் 17 கி.மீ. வரை நீள்கிறது. திருவண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் கார்த்திகைத் தீபத்தின் புகை இந்த அடுக்கின் அடிப்பகுதியிலேயே கலந்து கரைந்து, மழையால் கழுவப்பட்டு விடுகிறது. அதற்கு மேலுள்ள அடுக்குமண்டலத்தில் மழை இல்லை. அங்கு சென்ற அமிலத் துளிகள் ஓராண்டுக்கும் மேலாக நிலைத்திருந்து, சூரிய ஒளியின் ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பி அனுப்புகின்றன. 1991 சூனில் பிலிப்பைன்சின் பினட்டுபோ எரிமலை 1.5 கோடி முதல் 2 கோடி டன் வரையிலான கந்தக டைஆக்சைடை மேலே செலுத்தியது. அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை பாகை செல்சியசு குறைந்தது.

துகள்களைச் சேகரித்தல்

1960-ஆம் ஆண்டளவில் கிறித்தியன் யுங்கேயும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் பலூன்கள் மூலம் கருவிகளை மேலே அனுப்பித் துகள்களைப் பிடித்தனர். ஏறத்தாழ 20 கி.மீ. உயரத்தில் ஒரு துகள் அடுக்கு இருப்பதையும், அத்துகள்களில் கந்தகமே மேலோங்கியிருப்பதையும் அவர்கள் கண்டறிந்தனர். இவ்வடுக்கு இன்று யுங்கே அடுக்கு எனப்படுகிறது.

1963-இல் இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள ஆகுங் எரிமலை வெடித்தது. 20 கி.மீ. உயரத்தில் பறக்கவல்ல யு-2 விமானத்தின் மூலம் சேகரித்த துகள்களை மோசாப் என்னும் ஆய்வாளர் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1964-இல் நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டார். கிராக்கட்டோவா காலத்தில் கண்ணால் மட்டும் கண்ட பொருள் இவ்வாறு ஆய்வாளரின் மேசைக்கு வந்தது.

துகள்களைப் பிடிக்க இரு முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று, காற்றை வடிதாள் வழியாக உறிஞ்சுதல். மற்றொன்று மோதல் முறை. இதில் காற்றை ஒரு சிறு துளை வழியாக வேகமாகச் செலுத்தி, திடீரெனத் திருப்புகின்றனர். காற்று வளைந்து செல்லும். கனமான துகள் வளைய இயலாமல் எதிரிலுள்ள மெல்லிய தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். துளையின் அளவையும் காற்றின் வேகத்தையும் மாற்றி, விரும்பிய அளவுள்ள துகள்களை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

கிடைக்கும் பொருளின் எடை கிராமில் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேகூட இருக்கலாம். எனவே மாசு கலவாமல் காப்பது இப்பணியின் கடினமான பகுதியாகும். காற்றே செலுத்தாத வெற்று வடிதாள் ஒன்றையும் அதே விமானத்தில் அனுப்பி, அதே முறையில் ஆராய்வர். வெற்றுத் தாளில் காணும் அளவைக் கழித்த பின்னரே உண்மை அளவு கணக்கிடப்படுகிறது. கைவிரல் பட்டாலே சோடியமும் குளோரினும் தாளில் ஏறிவிடும். ஏவுகலப் புகையிலிருந்து வரும் அலுமினா உருண்டைகளும், விண்கற்கள் எரிவதால் உண்டாகும் இரும்பு, மக்னீசியத் துகள்களும் அடுக்குமண்டலத்தில் உள்ளன. இவற்றையும் பிரித்தறிய வேண்டும்.

ஆய்வகத்தில் நிகழ்வது

மின்னணு நுண்ணோக்கியும் எக்சுக்கதிர்ப் பகுப்பாய்வும்: மின்னணுக் கற்றை துகளின் மீது பட்டால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்சுக்கதிரை வெளியிடும். இக்கதிர்களை அளந்து சிலிக்கான், அலுமினியம், இரும்பு, கால்சியம் போன்றவற்றின் விகிதத்தை அறியலாம். பாறையில் சிலிக்கா 52 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அது பசால்ட்டு வகை. ஏறத்தாழ 70 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் ரையோலைட்டு வகை. இடைப்பட்டவை ஆண்டிசைட்டு, டாசைட்டு எனப்படும். ஒவ்வோர் எரிமலைக் குழம்புக்கும் தனிமங்களின் விகிதம் ஒரு கைரேகையைப் போன்றது.

புரோட்டான் கற்றை முறை: மின்னணுவுக்குப் பதிலாகப் புரோட்டான் கற்றையைப் பயன்படுத்தினால் பின்னணி இரைச்சல் குறைந்து, மிகச் சிறிய அளவிலுள்ள தனிமங்களும் தெரியும். துகளில் பட்டுச் சிதறும் புரோட்டான்களின் ஆற்றலை அளந்து ஐதரசன், கார்பன், நைட்ரசன், ஆக்சிசன் ஆகிய எடை குறைந்த தனிமங்களையும் கணக்கிடலாம்.

அயனி நிறப்பகுப்பியல்: வடிதாளைத் தூய நீரில் ஊறவைத்து, கரைந்த சல்பேட்டு, நைட்ரேட்டு, குளோரைடு, அம்மோனியம் ஆகிய அயனிகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் முறை இது. துகளின் வடிவம் இதில் தெரியாது. ஆனால் அமிலத்தின் அளவு துல்லியமாகக் கிடைக்கும்.

பறக்கும் நிறைநிறமாலைமானி: விமானத்திலேயே ஒவ்வொரு துகளையும் லேசர் கதிரால் ஆவியாக்கி, அதன் அயனிகளை எடை வாரியாகப் பிரிக்கும் கருவி இது. துகளைத் தரைக்குக் கொண்டு வரும் தேவை இதில் இல்லை.

ஐசோடோப்பு ஆய்வு: ஓசோன் படலத்துக்கு மேலே, கடும் புறஊதாக் கதிர் படும் இடத்தில் கந்தக டைஆக்சைடு வினைபுரிந்தால், கந்தகத்தின் ஐசோடோப்பு விகிதத்தில் தனித்த மாற்றம் ஏற்படுகிறது. அண்டார்க்டிக்கப் பனியில் படிந்த ஆகுங், பினட்டுபோ எரிமலைகளின் சல்பேட்டில் இம்மாற்றம் காணப்பட்டுள்ளது. பழைய வெடிப்பு ஒன்றின் வளிமம் எந்த உயரம் வரை சென்றது என்பதைப் பனிக்கட்டியைக் கொண்டே அறிய இது உதவுகிறது.

1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது சேகரித்த துகள்களில் உப்புப் படிகங்கள், அதாவது சோடியம் குளோரைடு, காணப்பட்டன. எரிமலையின் குளோரின் முழுவதும் மழையில் கரைந்து கீழே வந்துவிடும் என்ற கருத்தை இக்கண்டுபிடிப்பு கேள்விக்குள்ளாக்கியது. குளோரின் ஓசோனைச் சிதைக்கவல்லது என்பதால் இது முக்கியத்துவம் பெற்றது.

பிராங்க்பர்ட்–சென்னை விமானம்

ஆய்வு விமானங்களை இயக்கச் செலவு மிகுதி. ஆகவே, பயணிகள் விமானத்தின் சரக்கறையில் கருவிகள் நிறைந்த பெட்டகம் ஒன்றை வைத்து மாதந்தோறும் காற்றை ஆராயும் கேரிபிக் என்னும் திட்டத்தை ஐரோப்பிய ஆய்வு நிறுவனங்கள் நடத்தின. லுப்தான்சா நிறுவனத்தின் ஏர்பசு ஏ340-600 விமானம் இதற்குப் பயன்பட்டது. 2008 ஏப்ரல் முதல் திசம்பர் வரை செருமனியின் பிராங்க்பர்ட்டுக்கும் சென்னைக்கும் இடையே இவ்வாய்வுப் பறப்புகள் நடந்தன. இந்தியத் தென்மேற்குப் பருவமழைக் காலத்துக் காற்றை அறிவது இத்தடத்தின் முதன்மை நோக்கமாக இருந்தது.

2008 ஆகஸ்டு 7, 8 ஆகிய நாள்களில் அலாசுக்காவின் அலூசியன் தீவுகளிலுள்ள கசட்டோச்சி எரிமலை எதிர்பாராமல் வெடித்தது. அதன் மேகம் வடகோளம் முழுவதும் பரவியது. பருவமழையை ஆராயப் புறப்பட்ட விமானம் அம்மேகத்தின் எச்சத்தையும் கடக்க நேர்ந்தது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. விமானம் பறந்தது 9 முதல் 12 கி.மீ. உயரத்தில். ஐரோப்பாவின் மேல் அடிவளிமண்டலத்தின் எல்லை தாழ்வாக இருப்பதால், அந்த உயரத்திலேயே அடுக்குமண்டலத்தின் அடிப்பகுதியைத் தொட முடிகிறது. தமிழ்நாட்டின் மேல் அதே உயரம் அடிவளிமண்டலத்துக்குள்தான் உள்ளது. எனவே ஒரே பயணத்தில், வடபகுதியில் எடுத்த மாதிரிகள் அடுக்குமண்டலத்தையும், சென்னைக்கு அருகில் எடுத்தவை பருவமழை உயர்த்திய கீழ்க்காற்றையும் காட்டின.

சேகரித்த மாதிரிகள் சுவீடனின் லுண்டு பல்கலைக்கழகத்தில் புரோட்டான் கற்றை முறையில் ஆராயப்பட்டன. கசட்டோச்சி மேகத் துகள்களில் எதிர்பார்த்தபடி கந்தகம் உயர்ந்திருந்தது. சாம்பலின் தனிமங்களும் இருந்தன. எதிர்பாராத செய்தி, கார்பனின் பங்கும் கணிசமாக இருந்ததுதான். எரிமலைத் தூண் மேலே எழும்பும்போது சுற்றிலுமுள்ள கீழ்க்காற்றை உறிஞ்சி, அதிலிருந்த கரிமத் துகள்களையும் உடன் கொண்டு சென்றிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் விளக்கினர். 2009-இல் வெடித்த உருசியாவின் சாரிச்செவ், 2010-இல் வெடித்த ஐசுலாந்தின் எய்யாபியாத்லயோக்குல் ஆகிய எரிமலைகளின் துகள்களையும் இதே விமானம் சேகரித்தது.

எரிமலையா, பருவமழைக் காற்றா

சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில், திருவண்ணாமலைக்கு வடக்கே அமைந்த காடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் உள்ளது. அங்கு 1998 முதல் லைடார் கருவி இயங்குகிறது. இது லேசர் ஒளியை மேலே செலுத்தி, துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு அவற்றின் உயரத்தைச் சொல்லும். ஒளியின் முனைவாக்கம் மாறியிருந்தால் துகள் ஒழுங்கற்ற வடிவுடையது என்றும், மாறாதிருந்தால் உருண்டையான திரவத்துளி என்றும் ஊகிக்கலாம். ஆனால் அத்துளி எந்த வேதிப்பொருளால் ஆனது என்பதை லைடாரால் நேரடியாகச் சொல்ல இயலாது.

இக்குறையின் முக்கியத்துவம் 2011-இல் வெளிப்பட்டது. காலிப்சோ செயற்கைக்கோளின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், பருவமழைக் காலத்தில் ஆசியாவின் மேல் 13 முதல் 18 கி.மீ. வரையிலான உயரத்தில் ஒரு துகள் அடுக்கு உருவாவதை அறிவித்தனர். எரிமலைத் துகளும் இவ்வடுக்கும் ஒளியளவில் எளிதில் குழம்பக்கூடியவை. இவ்வடுக்கைப் புரிந்துகொள்ள நாசாவும் இசுரோவும் இணைந்து, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐதராபாத் பலூன் தளத்திலிருந்து கருவிகளை மேலே அனுப்பின. பலூனில் சென்ற வடிதாளை அயனி நிறப்பகுப்பியல் முறையில் ஆராய்ந்தபோது நைட்ரேட்டு மேலோங்கியிருந்தது. சல்பேட்டு கண்டறியும் அளவுக்கும் கீழே இருந்தது. எரிமலைத் துகளாக இருந்தால் நிலைமை தலைகீழாக இருந்திருக்கும். மனிதச் செயல்களால் வெளியாகும் நைட்ரசன் சேர்மங்களும் அம்மோனியாவும் பருவமழை மேகங்களின் வழியே மேலேறுவது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

திருவண்ணாமலையும் எரிமலைக் கேள்வியும்

திருவண்ணாமலை ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்குரியது. சிவன் தீப்பிழம்பாய் நின்ற இடமே மலையாயிற்று என்பது தலவரலாறு. இதையொட்டி, இம்மலை அணைந்துபோன எரிமலை என்ற செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. வட தமிழ்நாட்டின் இப்பகுதி நைசு, சார்னகைட்டு, கிரானைட்டு முதலிய மிகப் பழைய பாறைகளால் ஆனது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான இப்பாறைகள், மேலிருந்த அடுக்குகள் அரிக்கப்பட்டதால் வெளிப்பட்டவை. எரிமலை வாயிலிருந்து வழிந்து இறுகிய பாறைகள் அல்ல.

இதற்கும் வளிமண்டலத் துகள் ஆய்வுக்கும் தொடர்பு உண்டு. கிரானைட்டும் ரையோலைட்டும் வேதியியல் அளவில் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் சிலிக்கா மிகுதி. ஆகவே கல் குவாரித் தூசியையும் ரையோலைட்டுச் சாம்பலையும் தனிம விகிதத்தை மட்டும் கொண்டு பிரிப்பது கடினம். வேறுபாடு அமைப்பில் உள்ளது. ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்த கிரானைட்டு, குவார்ட்சு, பெல்சுபார் ஆகிய படிகங்களாக இறுகுகிறது. விரைவாகக் குளிர்ந்த சாம்பலில் படிகம் உருவாக நேரமின்றிக் கண்ணாடியே மிஞ்சுகிறது. உடைந்த குமிழிகளின் வளைந்த ஓரங்களும் அதில் தெரியும். எனவே வேதிப் பகுப்பாய்வுடன் நுண்ணோக்கிப் படமும் சேர்ந்தே முடிவைத் தரும்.

ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்திலுள்ள சுவாலாபுரத்தில் இம்முறை பயன்பட்டது. அங்கு மண்ணடுக்கில் கிடைத்த கண்ணாடித் துணுக்குகளின் வேதி இயைபு, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் வெடித்த தோபா எரிமலையின் இயைபுடன் பொருந்தியது. 2,000 கி.மீ.க்கும் அப்பாலிருந்து வானில் வந்த சாம்பல் அது.

பயன்பாடுகள்

1982 சூன் 24 அன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த்து சென்ற பிரித்தானிய விமானம் ஒன்று, சாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் நுழைந்தது. அதன் நான்கு பொறிகளும் நின்றுபோயின. பொறியின் வெப்பத்தில் கண்ணாடிச் சாம்பல் உருகி உட்பாகங்களில் படிந்ததே காரணம். விமானம் கீழிறங்கியபோது படிவு இறுகி உதிர்ந்ததால் பொறிகள் மீண்டும் இயங்கின, அனைவரும் உயிர்தப்பினர். சாம்பல் எந்த வெப்பநிலையில் உருகும் என்பது அதன் வேதி இயைபைப் பொறுத்தது. 2010-இல் ஐசுலாந்துச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி பல நாள்கள் மூடப்பட்டபோது, மேகத்தில் உண்மையில் எவ்வளவு சாம்பல் உள்ளது என்பதை நேரில் அளக்கும் தேவை வெளிப்பட்டது. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஐலி குப்பி எரிமலைச் சாம்பல் இந்திய வான்வெளிக்கு வந்தபோதும் சில விமானங்கள் நீக்கப்பட்டன.

2022 சனவரி 15 அன்று தொங்கா நாட்டின் கடலடி எரிமலையான உங்கா வெடித்து, 57 கி.மீ. உயரம் வரை எழும்பியது. சில நாள்களுக்குள் தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் ரீயூனியன் தீவிலிருந்து ஆய்வுப் பலூன்கள் ஏவப்பட்டன. கந்தக டைஆக்சைடு வழக்கமான வாரக்கணக்கைவிட மிக விரைவாகத் துளிகளாக மாறியிருந்தது. எரிமலை பெருமளவில் செலுத்திய கடல்நீராவியே இவ்விரைவுக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது.

புவி வெப்பமாதலைக் குறைக்க, அடுக்குமண்டலத்தில் செயற்கையாகச் சல்பேட்டுத் துகள்களைத் தூவலாம் என்ற முன்மொழிவு இன்று உலக அளவில் விவாதிக்கப்படுகிறது. எரிமலைகளே இதற்கு இயற்கை தந்த முன்மாதிரிகள். பெரும் வெடிப்புகளுக்குப் பின் வெப்பநிலை குறைவதுடன் மழைப்பொழிவும் சில பகுதிகளில் குறைந்துள்ளதால், பருவமழையை நம்பி வாழும் நாடுகள் இவ்விவாதத்தை உன்னிப்பாகக் கவனிக்கின்றன. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் மழையையே சார்ந்துள்ள திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களுக்கு, 20 கி.மீ. உயரத்திலுள்ள துளி எப்பொருளால் ஆனது என்ற கேள்வி தொலைவான ஒன்றன்று.